சைரன் அக்காவின் கப்பல்

சைரன் அக்கா வாசிக்கும்போது ஒரு வாய் தண்ணீர் குடிக்கத் துணிந்த மனிதன் மலேசியாவின் பத்து பகாட் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. அவர் வாசிக்கிற அத்தியாயத்தில் பஞ்சம் என்றால், கேட்க வந்தவர்களுக்கும் பஞ்சம்தான். போன வருடம் வாசலிலேயே நின்று எல்லோருடைய தண்ணீர் போத்தலையும் பிடுங்கி வாளியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார். "பஞ்சத்துல ஐஸ் போட்ட தே தண்ணி கேக்குதா ஒங்களுக்கு?" என்று ஒரு பெரியவரை அவர் கேட்டது எனக்கு இன்னும் காதில் ஒலிக்கிறது.

நான் எங்கள் ஊர் நூலகத்தில் வேலை பார்க்கிறவன். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே தமிழ் வாசிப்பு நேரம். வாசிப்பவர் சைரன் அக்கா. துணி ஆலையில் முப்பது வருடம் இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்தி வேலை வாங்கியவர். அங்கே வைத்த பெயர் அது. சொந்தப் பெயர் உறுப்பினர் அட்டையில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அக்கா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

எனக்கோ பிறவியிலேயே பயந்த சுபாவம். கைத்தொலைபேசி அடித்தாலே யாருக்கு என்ன ஆச்சோ என்று எடுக்கத் தயங்குவேன். அப்படிப்பட்டவன் தலையில் கடவுள் இந்த அக்காவைக் கட்டினார்.

நம்மவர்கள் மலாயாவுக்குக் கப்பலேறி வந்த வரலாற்றை அக்கா மாதம் ஓர் அத்தியாயமாக வாசித்து வந்தார். கப்பல் அத்தியாயத்தன்று நாற்காலிகளையெல்லாம் தூக்கி வெளியே போட்டுவிட்டார். "கப்பல்ல நாற்காலி ஏதுப்பா?" இரண்டு அலமாரிகளுக்கு நடுவே இருபது பேரை முட்டியோடு முட்டி இடிக்க உட்காரவைத்து, "அலை வருது, சாயி! இந்தப் பக்கம் சாயி! இன்னும் சாயி!" என்று அரை மணி நேரம் ஆட்டினார். காலையில் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், பாவம், அகராதி அலமாரிப் பக்கம் திரும்பி வாந்தி எடுத்துவிட்டார். அக்கா பதறவில்லை. பூரித்துப்போனார்.

"பாத்தீங்களா? இதைத்தான் புத்தகத்துல ரெண்டே வரியில எழுதி வெச்சிருக்காங்க!"

புகார் ஜொகூர் பாருவில் இருக்கும் மாநிலத் தலைமை நூலகம் வரைக்கும் போனது. அங்கிருந்து கடிதம் வந்தது. அடுத்த வாசிப்பைப் பார்க்க ஓர் அதிகாரி வருவார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் தமிழ் வாசிப்பு நேரம் நிறுத்தப்படும். தமிழ்ப் புத்தகங்கள் உள்ள நான்கு அலமாரிகளும் கிடங்குக்குப் போகும். அந்த இடத்தில் கணினி வைக்கப்போகிறார்களாம். படித்ததும் கடிதத்தோடு கிளம்பினேன். நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, ஒங்க கால்ல விழுறேன். இந்த ஒரு தடவை நாற்காலியில ஒக்காந்து, மெதுவா, சும்மா படிங்கக்கா."

"அடுத்த அத்தியாயம் என்னான்னு தெரியுமா தம்பி? கப்பல்ல இருந்து எறங்குனவங்கள முகாம்ல போட்டு அடைக்கிறாங்க. நோய் இருக்கான்னு பாத்து முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் வெளிய போக முடியாது. அதப் போயி நாற்காலியில ஒக்காந்து படிக்கச் சொல்ற?"

"நாலு அலமாரியும் போயிரும்க்கா."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி லா. நீ சொன்ன மாதிரியே படிக்கிறேன்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை அதிகாரி வந்து பின்வரிசையில் கோப்போடு உட்கார்ந்தார். மலாய்க்காரர், நடுத்தர வயதுப் பெண்மணி; மரியாதைக்கு எல்லோரும் 'புவான்' என்போம். அக்கா இஸ்திரி போட்ட சேலையும் மூக்குக்கண்ணாடியுமாக நாற்காலியில் அமர்ந்து வாசித்தார். அவருக்கு அப்படியொரு சின்னக் குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. பத்து நிமிடத்தில் தலைமையாசிரியர் தூங்கிவிட்டார். இந்த முறை முன்னெச்சரிக்கையாகப் பிளாஸ்டிக் பையோடு வந்திருந்தார் மனிதர். அதுவும் மடியில் சும்மா கிடந்தது. ஒருவர் கைத்தொலைபேசியில் பந்தாட்டம் பார்த்தார். "அக்காவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று ஓர் ஆன்ட்டி என் காதைக் கடித்தார்.

புவான் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் மலாயில், நல்லவிதமாகத்தான் சொன்னார்: "இப்படிப் படிக்கத் தனியாக ஒரு நேரம் எதற்கு? புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாமே." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அலமாக், கெட்டது குடி! அக்காவின் வாயைக் கட்டியவன் நான். நான்கு அலமாரிகளும் போகப்போவது என்னால்தான். அப்புறம் நான் செய்ததை இன்றைக்கும் என்னாலேயே நம்ப முடியவில்லை. ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"அக்கா! முகாம் கதவ பூட்டியாச்சு! ஒருத்தரும் வெளிய போக முடியாது!"

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நாற்காலியைக் காலால் பின்னுக்குத் தள்ளினார்.

"ஏய், எல்லாரும் வரிசையில நில்லு! நாக்க நீட்டு! கண்ணக் காட்டு!"

தூங்கிக்கொண்டிருந்த தலைமையாசிரியர் அலறியடித்து எழுந்து முதல் ஆளாக நின்றார். அக்கா புத்தகத்தைப் பார்க்கவே இல்லை, அத்தனையும் மனப்பாடம். துறைமுக மருத்துவராக ஒவ்வொருவராகப் பார்த்து, காய்ச்சல்காரர்கள் இந்தப் பக்கம், மற்றவர்கள் அந்தப் பக்கம் என்று பிரித்தார். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். புவானிடம் வந்ததும் அக்கா மருத்துவராகவே "லிடா!" என்று மலாயில் அதட்டினார். ஜொகூர் பாரு அதிகாரி கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாக்கை நீட்டினார்! அவரையும் காய்ச்சல் பக்கம் அனுப்பினார் அக்கா. என் வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அப்போதுதான் அக்கா தாயாக மாறினார். காய்ச்சல் என்று பிள்ளையைத் தனியே கொண்டுபோய்விட்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, பிள்ளையைத் தூக்கக் கைகளை நீட்டியபடி அவள் கூப்பிடுகிறாள். "சாப்ட்டியா ராசா? யாராச்சும் சோறு போட்டாங்களா?" மறுநாளும் கூப்பிட்டாள். மூன்றாம் நாள் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாத புவான் காய்ச்சல் பக்கம் நின்றபடி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அழுதுவிட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

கதவைத் திறந்ததும் புவான் என்னிடம் வந்தார். "இனிமேல் பூட்டாதே, தீயணைப்புத் துறைக்குத் தெரிந்தால் தொலைந்தோம்" என்றார். வாசல்வரை போய்த் திரும்பிவந்து, "அந்தப் பிள்ளை பிழைத்ததா?" என்று கேட்டார். தமிழ் வாசிப்பு தொடரலாம், அலமாரிகளும் இருக்கட்டும் என்று இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது.

அக்காவுக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. முழங்கால் வலி வேறு. முதல் சனிக்கிழமைகளில் ஒன்பதே முக்காலுக்கே நான் வாசலில் போய் நின்றுவிடுகிறேன். தெருமுனையில் யாரையோ திட்டிக்கொண்டு அவர் வருகிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வருகிறது.