கை நனைக்காத பொருளாளர்

பூவனலிங்கம் ஒரு முடிவுக்கு வந்தார். ஆண்பிள்ளைகள் எத்தனை சுளுவாக முடிவுக்கு வந்துவிடுகிறார்கள் பாருங்கள். அந்த முடிவை அடுப்படியில் நின்று யார் சுமப்பது என்று யோசித்தால் இத்தனை சுளுவாக வர முடியுமா?

சங்கதி இதுதான். கோவில்பட்டியில் அவர் மகன் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குக் கூரை இல்லை. வருஷமெல்லாம் ஏமாற்றிய மழை ஐப்பசியில் ஒரேயொரு நாள் வந்து ஓடுகளையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது. ஆண்டு விழாவில் பெற்றோர்கள் மேடையேறி, மைக்கைப் பிடித்து, ஆளுக்கொரு தொகை அறிவித்தார்கள். தொகைக்குத் தொகை கைதட்டல். கைதட்டல் உடனே கிடைத்தது. தொகைதான் கிடைக்கவில்லை.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பொருளாளர் பூவனலிங்கம். பஞ்சாலையில் டைம்கீப்பர், ஐந்து நிமிஷம் பிந்தியவனுக்கு அரைநாள் கூலியை வெட்டுகிறவர். அங்கே அவரை ஏசுவார்கள். பொருளாளர் ஆன பிறகுதான் கடைத்தெருவில் நாலு பேர் எழுந்து நின்றார்கள். அந்தச் சுகத்துக்கு இப்போது ஆபத்து. "ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்குள்ள வசூல் ஆகலைன்னா வேற பொருளாளர்தான்" என்று சொல்லிவிட்டார் தலைமையாசிரியர்.

"ராதாமணி, கேட்டுக்க" என்றார் மனைவியிடம். "பாக்கி வச்ச வீட்டுல இனி நான் கை நனைக்க மாட்டேன். பச்சத் தண்ணி பல்லுல படாது."

"எந்த வீடா இருந்தாலுமா?"

"எந்த வீடா இருந்தாலும். சபதம்னா சபதம்."

"நல்ல சபதம்" என்றாள் ராதாமணி.

கரிசல்காட்டில் வீடு தேடி வந்தவர் கை நனைக்காமல் போனால் வீட்டாருக்கு மனசு லேசில் ஆறாது. அந்தக் கோபத்தில் நிச்சயம் பண்ணிய கல்யாணங்கள் நின்றிருக்கின்றன.

முதலில் வெயிலுகந்தம்மாள் வீடு. நாற்பது ஆடு வைத்திருக்கிறவள், ஐம்பத்தொரு ரூபாய் பாக்கி. கருப்பட்டிக் காப்பியை நீட்டினாள். பூவனலிங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏன் அண்ணாச்சி, சூடு கூடிப்போச்சா?"

"சூடு இல்ல தாயி, பாக்கி."

"அதுக்குக் காப்பி என்ன செஞ்சுது?"

"பாக்கி தீராம இந்த வீட்டுல கை நனைக்கிறதா இல்ல."

பக்கத்து வீட்டுத் தலைகள் மூன்று சுவருக்கு மேல் முளைத்தன. வெயிலுகந்தம்மாள் உள்ளே போய் ரூபாயோடு வந்தாள். "இந்தாங்க. இப்பவாவது குடிங்க, ஊரு பாக்குது."

அடுத்து, சங்கிலிப்பாண்டியின் பரோட்டாக் கடை. அங்கேயும் அதே கதைதான். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாப் பாக்கியும் வந்து சேர்ந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"ஏட்டி, சோத்தப் போடு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"இந்த வீட்டுல நூத்தியொரு ரூபா பாக்கி இருக்கே. நீங்க எப்படிக் கை நனைப்பீய?"

ஆண்டு விழாவில் முதல் ஆளாக மைக்கைப் பிடித்து நூற்றியொன்று என்று அறிவித்தவர் பூவனலிங்கமேதான்.

"அது மத்தவங்களைத் தூண்டிவிடச் சொன்னது."

"தூண்டிவிடச் சொன்னதுக்கும் சேத்துத்தான கை தட்டுனாவ?"

"நான் பொருளாளர், ஏட்டி."

"பொருளாளர் பட்டினி கிடக்கணும். மைக்குல சொன்னவரு பணம் கட்டணும். ரெண்டு பேரும் ஒரே வேட்டிக்குள்ள நிக்கீய, அதுக்கு நான் என்ன செய்ய?"

அடுப்பைப் பார்த்தார். பூனை படுத்திருந்தது.

"அப்ப நீயும் பட்டினியா?"

"நான் எதுக்குப் பட்டினி கிடக்கணும்? சபதம் போட்டது நீங்க. வெயிலுகந்தம்மா மதினி கூப்பிட்டாவ, பயலையும் கூட்டிக்கிட்டுப் போயிச் சாப்பிட்டு வந்தேன். அவிய வீட்டுலதான் பாக்கி இல்லையே."

பூவனலிங்கத்துக்கு யோசனை தட்டியது. பாக்கி தீர்ந்த வீட்டில் அவரும் சாப்பிடலாமே. நேரே வெயிலுகந்தம்மாள் வீட்டுக்கு நடந்தார்.

"வாங்க அண்ணாச்சி. கட்டியாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்படின்னா உங்களுக்கு எப்படி நான் சோறு போட? பாக்கி வச்ச வீட்டுல நீங்க கை நனைக்க மாட்டீய. பாக்கி வச்சவரு எங்க வீட்டுல நனைக்கலாமா? ஞாயம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான."

சுவருக்கு மேல் அதே மூன்று தலைகள்.

பரோட்டாக் கடைக்குப் போனார். "நான் காசு குடுத்துல்லா சாப்பிடப் போறேன்" என்றார் முன்னெச்சரிக்கையாக.

"அந்தக் காசைப் பள்ளிக்கூடத்துல கட்டிட்டு வாங்க அண்ணாச்சி" என்றான் சங்கிலிப்பாண்டி, மாவை வீசிக்கொண்டே. "சும்மாவே நாலு பரோட்டா தாரேன்." பெஞ்சில் இருந்த மில் தொழிலாளிகள் சிரித்தார்கள். அரைநாள் கூலியைப் பறிகொடுத்தவர்கள், நிதானமாகவே சிரித்தார்கள்.

ராத்திரி சொம்புத் தண்ணீரைத் தூக்கினார். ராதாமணி பார்த்தாள். சொம்பை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மில் போனஸில் மனைவிக்குத் தெரியாமல் ஒதுக்கியிருந்ததை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் வீட்டுக்கு ஓடினார். பொருளாளர் தனக்குத் தானே ரசீது எழுதினால் செல்லாது என்று அவர் கையெழுத்தையும் வாங்கினார். கூட்டத்தில் ஒரு பைசா பாக்கியில்லை என்று அறிவித்தார்கள், பதவி நிலைத்தது. கைதட்டலை முழுசாகக் கேட்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. வீட்டுக்கு வந்து ரசீதை ராதாமணி முன்னால் நீட்டினார்.

வரி விடாமல் வாசித்தாள். பெருமூச்சு விட்டாள்.

"இம்புட்டு வெரசாக் கட்டிட்டீயளே. வீட்டுக்கு வீடு முறை வச்சுல்லா என்னையச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாவ. கல்யாணம் ஆகி பன்னெண்டு வருசத்துல நேத்துத்தான் அடுப்பு மூஞ்சியில முழிக்காம இருந்தேன்."

"சரி, பசிக்கி. சோத்தப் போடு."

ராதாமணி எழுந்து, சேலையை உதறிச் சரிசெய்து, செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"பாக்கி தீந்துட்டுல்லா, இனி இந்த வீட்டுல நீங்க தாராளமாக் கை நனைக்கலாம். அரிசி மண்பானையில இருக்கு, புளி மேல்தட்டுல. நான் சோலை மதினி வீட்டுக்குப் போயிட்டு வாரேன். இன்னைக்கு அவிய முறை, கறிக்குழம்பு."