கோல்கீப்பர் ஏன் வந்தான்?

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு, தோளில் துண்டோடு ஹாலுக்கு வந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோபாவில் கோல்கீப்பர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். ஸ்கூல் டீமில் இருந்த அதே கோல்கீப்பர். பாதித் தலை வழுக்கை. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"பஸ் ஸ்டாப்புல பாத்தேன். கையோட கூட்டிட்டு வந்துட்டேன்" என்றாள் அம்மா.

அவன் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டான். முந்தாநாள்தானே மேடையில் இவனைப் பற்றிப் பேசினான்! "பிராக்டிஸ்ல நான் கோல் போட்டா அவன் மூஞ்சி வாடிடுமேன்னு எல்லாப் பந்தையும் வெளியவே அடிச்சேன். கோச் என் கண்ணை டெஸ்ட் பண்ணச் சொன்னாரு. கண்ணு நல்லாத்தான் சார் இருந்துச்சு, அதான் பிரச்சனையே!" அன்றைக்குக் கைதட்டல் அள்ளிக்கொண்டு போனது.

அம்மாவைப் பொறுத்தவரை அவன் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவள் வாக்கிங் போகிற நேரம் பார்த்து மேடையேறுகிற காமெடியன் என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பதும் தெரியாது. தெரியவும் கூடாது. சொந்த அண்ணன் சொன்ன ஒரே ஒரு வார்த்தைக்காக இன்றுவரை அவர் முகத்தில் முழிக்காதவள். அம்மா பேசாத வீட்டில் அவனால் ஒரு நாள்கூட இருக்க முடியாது.

"குடிப்பியாப்பா?" அம்மா கோல்கீப்பரைக் கேட்டாள்.

"குடிச்சிட்டுத்தானே ஆன்ட்டி இருக்கேன்."

"காபி இல்லப்பா. சரி, சொந்த வீடா? கூட யாரு இருக்கா?"

சாட்சியை விசாரிக்கிறாள்! சந்தேகமே இல்லை. கோல்கீப்பர் படியிறங்கியதும் அக்காவுக்குப் போன் போட்டான். குடும்பத்தில் விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"உளறிட்டியா?"

"சத்தியமா நான் மூச்சு விடலடா!"

"பின்ன அம்மா என்ன மை போட்டா பாத்தா?"

அடுத்த வெள்ளி ஷோவில் கோல்கீப்பரைக் கழற்றிவிட்டான். யாரோ வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்புகிறார்கள் என்று, வாசலிலேயே எல்லார் போனையும் வாங்கி வாளியில் போட வைத்தான். காலேஜில் நீச்சல் சொல்லிக்கொடுத்த சீனியரைப் பற்றிப் பேசினான். "கத்துக்கிட்டா கிளாஸ் முடிஞ்சிடுமேன்னு ரெண்டு வருஷம் மூழ்கிட்டே இருந்தேன்!"

ஞாயிற்றுக்கிழமை சோபாவில் நீச்சல் சீனியர்.

"நல்ல உசரம்" என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் இப்படி ஜன்னல்கிட்ட சேந்து நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."

போட்டோ ஆதாரம் வேறு! அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். வீட்டுக்குக் கூட்டிவரவே முடியாத ஆளாகப் பார்த்து மாட்டிவிட வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒரு பல் டாக்டர் இருந்தார், எந்நேரமும் கூட்டம். அவரிடம் அவன் போனதே கிடையாது. மேடையேறி வாய் கூசாமல் அளந்தான். "அவரைப் பாக்கணும்னு ஒவ்வொரு பல்லா வலிக்குதுன்னு போனேன். இப்ப பல்லு தீந்துபோச்சு சார்!"

ஞாயிற்றுக்கிழமை சோபா காலி. அப்பாடா என்று கால்நீட்டிச் சாய்ந்தான்.

"வாயைத் திற" என்றாள் அம்மா.

"எதுக்கு?"

"திறடான்னா!" டார்ச் அடித்துப் பார்த்தாள். "கடவாய்ப் பல்லு சரியில்ல. கிளம்பு. அந்த நீலச் சட்டையைப் போட்டுக்க."

"பல்லைக் காட்ட நல்ல சட்டை எதுக்கும்மா?"

"தலையையும் வாரிக்க."

அவள் பின்னால் நடந்தான். நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கப்போகிறாள். இன்றோடு எல்லாம் முடிந்தது.

அம்மா வெளியே உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் அவனைச் சாய்த்து, வாய் நிறையப் பஞ்சை அடைத்து, கண்ணாடியை விட்டுத் துழாவினார்.

"பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்கே. ஆனா ஒண்ணு சொல்லணும் தம்பி. வெள்ளிக்கிழமை உங்க ஷோவைப் பாத்துட்டு, வாக்கிங் ஷூவோட அம்மா நேரா இங்கதான் வந்தாங்க. எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சும்மான்னு சொன்னேன். 'பரவால்ல டாக்டர், உங்களுக்குத் தம்பி யாராச்சும் இருக்காங்களா?'ன்னு கேக்குறாங்க!"