ஏரிக்கரையில் ஹம்மு செய்த ஒளு

இருந்தும் இல்லாமலும் ஒரு ஊர் இருந்தது. ஊர் இருந்தது, தண்ணீர் இல்லை. பேரீச்ச மரங்கள் இருந்தன, அவற்றுக்குத் தலை இல்லை. ஏழு வருஷமாக மேகம் எட்டிப் பார்க்காத அந்த ஊரில் ஹம்மு என்று ஒரு கணவன் இருந்தான். சொத்து அவன் மனைவி இத்தோவிடம் இருந்தது.

சொத்து என்றால் நிலமில்லை. நிலத்தைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. அந்த ஊரில் நிலம் வேறு, தண்ணீர் வேறு. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை, விடியலிலிருந்து உச்சிவரை, வாய்க்காலில் ஓடுவதெல்லாம் இத்தோவுக்கு. அவள் அப்பன் விட்டுப்போன முறை அது. இப்போது அந்த முறையில் வருவது ஒரு பூனை நக்கினால் தீர்ந்துவிடும். ஆனாலும் தன் நாள் வந்தால் விடியும் முன்பே போய் மடையைத் திறந்து உட்கார்ந்திருப்பாள். இரண்டு கண்ணிலும் புரை. எதிரே வருவது கழுதையா கணவனா என்று பக்கத்தில் வந்தால்தான் தெரியும். சில நாள் அப்போதும் சந்தேகம்தான்.

ஊரே காலியாகிக் கொண்டிருந்தது. இவர்கள் மூத்த மகன் மண்ணுக்குள் போனான். இளையவன் படகேறிக் கடலுக்கு அந்தப் பக்கம் போனான். நாலு வருஷமாக ஒரு சேதியும் இல்லை. அவன் திரும்பி வந்தால் எதைக் குடிப்பான் என்று கேட்டுக்கொண்டு இத்தோ அந்த முறையைக் காத்துக் கிடந்தாள். ஹம்மு காத்திருப்பதை விட்டு ரொம்ப நாளாயிற்று.

அப்போதுதான் தர்பூசணி வியாபாரி வந்தான். தோட்டம் போட என்று ஊரின் தண்ணீர் முறைகளை ஒவ்வொன்றாக வாங்கினான். இத்தோவுடையதும் கிடைத்தால், அகாதிர் பட்டணத்தில் தன் கிடங்குக்கு ஹம்முவைக் காவல்காரனாகப் போடுவதாகச் சொன்னான். தங்க ஓர் அறை. அறைக்குள்ளேயே குழாய். அந்தக் குழாயை நினைத்தே ஹம்முவுக்கு மூன்று நாள் தூக்கம் போயிற்று. ஒரே ஒரு தொல்லை. பத்திரம் எழுதும் இருவர் முன்னால் இத்தோ தன் வாயால் “சம்மதம்” என்று சொல்லவேண்டும்.

ஹம்மு வாழ்நாளில் முதல்முறையாக மூளையைக் கசக்கினான். பட்டணத்துக்குக் கண் டாக்டரிடம் போகலாம் என்றான்.

“அங்க ரெண்டு பேர் ஏதாவது கேப்பாங்க. எதைக் கேட்டாலும் சம்மதம்னு சொல்லிடு. ஆபரேஷனுக்கு அப்படித்தான்.”

இத்தோ மறுபேச்சில்லாமல் நல்ல துப்பட்டாவை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். இவ்வளவு சுலபமா என்று ஹம்முவுக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஊர்ப் பையன் பஸ்ஸுவின் ஓட்டை வேனில் கிளம்பினார்கள். பாதி வழியில் வண்டிகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. எங்கோ மலையில் பெய்த மழை, நெடுஞ்சாலைப் பாலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். ஹம்மு விரல் விட்டு எண்ணினான். நாளைக்கு வெள்ளி; பத்திரக்காரர்கள் உட்கார மாட்டார்கள். வியாபாரி மனம் மாறிவிடலாம். காய்ந்த ஏரி வழியாக ஒரு பழைய தடம் இருக்கிறது, முதுகெலும்பு கழன்றாலும் சாயங்காலத்துக்குள் சேர்ந்துவிடலாம் என்றான் பஸ்ஸு. முப்பது வருஷமாகப் புல் முளைக்காத ஏரி அது. கழன்றால் கழலட்டும், திருப்பு என்றான் ஹம்மு. என்ன அதிர்ஷ்டம் என்று தாடியைத் தடவிக்கொண்டான்.

கடைசி மேட்டில் ஏறியதும் வேன் தானாக நின்றது.

கீழே ஏரி இல்லை. வானம் கிடந்தது. கண் போன தூரமெல்லாம் நீலம். நடுவே ஆயிரக்கணக்கில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. யாரோ ரோஜாத் தோட்டத்தைப் பிடுங்கி நட்ட மாதிரி இருந்தது. பஸ்ஸு வாயைத் திறந்தான். ஹம்மு பாய்ந்து அதைப் பொத்தினான்.

ஏரி நிறைந்தால் ஒன்பதாம் நாள் மண்ணுக்கடியில் கசிந்து ஊர் வாய்க்கால் பெருகும். இது தெரிந்தால் இத்தோ முறையை விடமாட்டாள். குழாய் போய்விடும். பெருகிய வாய்க்கால் மறுபடி வற்றும், மறுபடி காத்திருக்கவேண்டும். ஹம்முவால் இன்னொரு தடவை முடியாது.

“ஏன் நின்னுச்சு?” என்றாள் இத்தோ.

“இன்ஜின் சூடு.”

“என்னமோ சலசலங்குதே.”

“காத்து.”

“மேல ஏதோ கத்துது.”

“காக்கா. தொண்டை கட்டியிருக்கு.”

“ஈர வாசனை வருது மனுஷா.”

“ரேடியேட்டர் ஒழுகுது அத்தை,” என்று பஸ்ஸு தன் பங்குக்குச் சேர்த்தான்.

இத்தோ கீழே இறங்கினாள். வெயிலை உச்சந்தலையில் தொட்டுப் பார்த்தாள். நடுப்பகல் லுஹர் நேரம் வந்துவிட்டது, தொழுதுவிட்டுப் போகலாம் என்றாள்.

“கைகால் முகம் கழுவி ஒளு செய்யத் தண்ணி இல்லைன்னா மண்ணைத் தொட்டுத் தடவிக்கலாம். இருந்தா கூடாது. இல்லைதானே?”

“இ... இல்லை.”

“சரி. பாவம் உன் கழுத்துல.”

அவள் குனிந்து மண்ணில் கைவைத்தாள். முகத்தில் தடவினாள். ஹம்முவும் குனிந்தான். அவன் வரி வசூலிக்க வந்தவனிடம் பொய் சொல்லியிருக்கிறான், மாமனாரிடம் சொல்லியிருக்கிறான். தொழுகையில் சொன்னதில்லை. எதிரே ஒரு கடலை விரித்து வைத்துவிட்டு மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். கை மண்ணில் படவே மாட்டேன் என்றது.

ஒதுங்கிவிட்டு வருவதாகச் சொல்லி நழுவினான். ஒரு பாறைக்குப் பின்னால் கணுக்கால் நனைய நின்று முகம் கழுவினான். மூன்று முறை போதும். அவன் ஏழு முறை கழுவினான். எட்டாவது முறை முகத்தை நனைத்தது ஏரி இல்லை. மூத்தவனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த கரை அது.

திரும்பி வந்து முன்னால் நின்று தொழவைத்தான். முடித்துத் திரும்பியபோது இத்தோவின் கை நீண்டது. அவன் தாடியைப் பிடித்தது. பிழிந்தது.

“இது என்ன?”

“வேர்வை.”

அவள் விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“உப்பே இல்லையே மனுஷா.”

பிறகு அவள் தடியை ஊன்றிக்கொண்டு தானே நீரை நோக்கிப் போனாள். நிதானமாக ஒளு செய்து, கெட்டுப்போன தொழுகையை மறுபடி தொழுதாள். ஹம்மு வெயிலில் நின்றான்.

வந்து சொன்னாள்: “இந்த மாசம் நம்ம ஊர்ல அஞ்சாவது பொம்பளை நான். அஞ்சு பேருக்கும் இதே கண் டாக்டர், இதே சம்மதம்.”

“தெரிஞ்சே எதுக்குக் கிளம்பின?”

“எனக்கு நெசமாவே கண்ணு தெரியலையே. வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போறேங்குற, வேணாம்பேனா? அங்க வந்து சம்மதமில்லைன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகப்போகுது? மலையில மழைன்னு உன் வியாபாரிக்கு எப்பவோ சேதி வந்திருக்கும், இந்த ஏரி நிறையும்னு கணக்குப் போட்டிருப்பான். இல்லைன்னா நக்குற தண்ணிக்கு எவன் குழாய் குடுப்பான்?”

இது ஹம்முவுக்குத் தோன்றவே இல்லை.

வாய்க்கால் முழுக்க மணல் மூடிக் கிடக்கிறது, ஒன்பது நாளில் அள்ளியாகவேண்டும், அவன் இப்போதே ஊர் திரும்பட்டும் என்றாள். தான் பஸ்ஸுவோடு டாக்டரிடம் போய்க்கொள்வாளாம். ஒரு பகல் நடை ஆயிற்றே என்று ஹம்மு முனகினான். பஸ்ஸு வேனிலிருந்த மண்வெட்டியை எடுத்து மரியாதையாக மாமாவின் கையில் கொடுத்தான்.

வண்டி கிளம்பியது. பத்தடி போய் நின்றது. இத்தோ தலையை வெளியே நீட்டினாள். ஹம்மு ஆசையாக நாலடி ஓடினான்.

“செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்க. தேஞ்சுடும்.”

வேன் மேட்டைத் தாண்டி மறைந்தது. ஹம்மு செருப்பைக் கழற்றினான். மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊர்ப்பக்கம் நடந்தான்.