கறைமேல் விழுந்த சிவப்புப் புள்ளி

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். கூப்பிட்டால் வராதவர்களுக்கு ஒரு குறையும் வராது.

உன்னை வரச்சொன்ன அன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மகன், மருமகள், மாடியில் குடியிருக்கும் தையல்காரர், வீட்டை விலைக்குக் கேட்டு வந்த மருந்துக்கடைக்காரர். வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இரு என்று மூன்று கடிதம் எழுதிய நீ இல்லை.

தரை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதோ என்று மருந்துக்கடைக்காரருக்குச் சந்தேகமாம். இல்லையென்று அளந்து காட்ட மகன் ஒரு லேசர் விளக்கு செய்தான். ஒன்பது வோல்ட் பேட்டரி, மின்சாரத்தைக் கூடவும் விடாமல் குறையவும் விடாமல் பிடித்து வைக்கிற மூன்று கால் ஐ.சி., ஒரு ரெசிஸ்டர், மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற ஒரு கண்டென்சர், எல்லாம் ஒரு சோப்பு டப்பாவுக்குள். வெளிச்சம் கக்குகிற டையோடு மட்டும் மூன்று வாங்கினான். கண்டென்சரில் தேங்கியிருந்ததை வடிக்காமல் மாட்டி முதலாவதைக் கொன்றான். இரண்டாவது எரியவே இல்லையென்று குப்பையில் போட்டான். முப்பத்தோரு வருஷம் உன் அத்தான் ரேடியோ பழுது பார்த்த மேஜை அது. பக்கத்தில் உட்கார்ந்து ஈயக்கம்பி பிடித்துக் கொடுத்தவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாவது எரிந்தது. ஜன்னலைச் சாத்தினோம். எதிர்ச் சுவரில் சிவப்பாக ஒரு புள்ளி. எங்கே தெரியுமா? நாற்காலிக்கு மேலே, உன் அத்தான் தலை சாய்த்துச் சாய்த்து எண்ணெய்க்கறை படிந்த இடத்தில், நட்டநடுவில். மகன் உயரத்தை அளந்தான், தரை சரி என்றான், பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். புள்ளி போகவில்லை.

"கண்டென்சர்ல மிச்சம் இருக்கும், ரெண்டு செகண்டுல போயிடும்," என்றான். தையல்காரர் வாய்விட்டு எண்ண ஆரம்பித்து, நாற்பதில் நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றார். மருமகள் டப்பாமேல் பாத்திரத்தைக் கவிழ்த்தாள். அப்போதும் புள்ளி அங்கேயே.

மருந்துக்கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அங்க யாரும்மா உட்காருவாங்க?"

"எங்க வீட்டுக்காரருதான். போய்ச் சேர்ந்து அஞ்சு வருஷம் ஆச்சு."

மனிதர் குடையை விட்டுவிட்டுப் போனார். அதை எடுக்கக்கூட இன்னும் வரவில்லை. ஆக, வீடு விற்கிற பேச்சு முடிந்தது. மகனை மன்னித்துவிட்டேன். முதலில் பேச்சை எடுத்த உன்னை மன்னிக்கவில்லை. ஆனாலும் உன் வீட்டில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் கண்ணும் கையும் காலும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத அக்கா

பி.கு.: மேலே எழுதியதை நம்பாதே. குப்பையில் போட்ட டையோடு சாகவில்லை. ஈயம் சரியாகப் பிடிக்காததுதான் குறை. அதைப் பொறுக்கியெடுத்து, அத்தானுடைய பழைய சாமான்களை வைத்து நானே இன்னொரு விளக்கு கட்டினேன். பிஸ்கட் டப்பாவில் ஓட்டை போட்டு, கறையைக் குறிபார்த்து அலமாரிமேல் வைத்தேன். மகனுடைய டப்பாவை அந்தப் பக்கம் திருப்பியதும், காபி டம்ளர் எடுக்கிற சாக்கில் என் சுவிட்சைத் தட்டியதும் நான்தான்.

அவன் டப்பாவை அவன் கொண்டுபோய்விட்டான். என்னுடையதை மறுநாள் காலையிலேயே பிரித்துவிட்டேன். பேட்டரியும் டையோடும் இதோ, இந்தக் காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைத்திருக்கிறேன். நிமிர்ந்து பார்க்கிறேன். கறையில் புள்ளி இருக்கிறது. அவர் உட்கார்ந்தபடி தூங்கி வழியும்போது தலை ஆடுமே, அப்படி ஆடுகிறது.

முப்பத்தோரு வருஷத்தில் ஒருநாளும் ஈயம் பற்றவைக்கிற கோலை என் கையில் கொடுத்ததில்லை. இப்போது நான் கட்டியதைப் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிறார். உன்னையும் மன்னித்துவிட்டேன், தம்பி. ஒருவரை மட்டும் மன்னிக்க மாட்டேன்: உன் அத்தானை.