முருங்கை இலைக்கு எக்ஸ்எல் சைஸ்

என்னுடைய பன்னிரண்டு ஆராய்ச்சி ஃபைல்களுக்கு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பனியன் சைஸ் பார்த்துப் பேர் மாற்றி வைத்துவிட்டார் செல்வி அக்கா. பாதிக்கப்பட்டது நான். முழுசாகப் படித்துவிட்டு நியாயம் சொல்லுங்கள் மக்களே.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஃபைல் ஏற்றுவது.

உப்புத்தண்ணீர் விட்டு வளர்த்த முருங்கையின் இலையில் புரதம் எப்படி மாறுகிறது என்பது என் ஆராய்ச்சி. செடி மூலனூர்ச் செடி. புரதத்தைத் துண்டு துண்டாக எடை போடுகிற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற மெஷின் எங்கள் யுனிவர்சிட்டியில் கிடையாது. வெளியூரில் கொடுத்து, டிவிடியில் வாங்கி வந்தேன்.

கட்டுரை அனுப்பினால் ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் ஒரு குண்டு போட்டார்கள். "மெஷின் கொடுத்த ஃபைல்களை அப்படியே பொது வெப்சைட்டில் ஏற்றுங்கள். உலகத்தில் யாரும் எடுத்துச் சரிபார்க்கலாம். ஏற்றினால் ஒரு நம்பர் தருவார்கள். திங்கட்கிழமைக்குள் அந்த நம்பர் வராவிட்டால் கட்டுரை இல்லை."

கட்டுரை இல்லையென்றால் என் பிஎச்டி இன்னும் ஒரு வருஷம் இழுக்கும்!

எங்கள் லேப் நெட்டில் ஒரு ஃபைல் ஏறுவதற்குள் முருங்கையே காய்த்துவிடும். நல்ல நெட் இருக்கிற இடம் அருள்புரத்தில், பெரியம்மா மகள் செல்வி அக்கா மெர்ச்சண்டைசராக இருக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனி. துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு டிசைன் அனுப்புவதுதான் அக்கா வேலை. ஷிப்மெண்ட் அவசரம் என்று ஞாயிறும் ஆபீசில் இருந்தார். போய் விஷயத்தைச் சொன்னேன்.

"யார் வேணா பாக்கலாமா? ஏங்கண்ணு, எங்க டிசைனப் பக்கத்துக் கம்பெனிக்காரன் பாத்தான்னா ஓனர் என்னைய ஊட்டுக்கு அனுப்பிடுவாரு. நீயே கொண்டுபோய்க் காட்டறியா?"

"அதுக்குப் பேருதான் அறிவியல் அக்கா. மறைச்சு வெச்சா அது வியாபாரம்."

கால் மணி நேரம் இதையே வாதாடினேன். ஜெயித்தேன்.

டிவிடியில் இருந்த ஃபைல்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, குறிப்பு நோட்டைப் பக்கத்தில் வைத்தேன். அக்கா திரையைப் பார்த்தார். 'புதுசு', 'புதுசு ஃபைனல்', 'ஃபைனல் ஓகே', 'வேண்டாம்', 'வேண்டாம் 2' என்று வரிசையாக இருந்தன.

"வேண்டாம்னு பேர் வெச்சத எதுக்குக் கண்ணு அனுப்பறே?"

"அதுதான் ரொம்ப முக்கியமான ஃபைல்!"

அக்கா குறிப்பு நோட்டை இழுத்துப் புரட்டினார். நான் சொன்னேன். "ஒண்ணு முடிஞ்சா அடுத்தத ஏத்திவிடுங்க. நீங்க எதையும் யோசிக்க வேண்டாம்."

ஒரு ஃபைலுக்கு அரை மணி நேரம். பெரியம்மா வீட்டில் கறிச்சோறு. தின்றேன். தூங்கிவிட்டேன்.

ஐந்தரைக்கு ஓடி வந்து பார்த்தால் பன்னிரண்டும் ஏறியிருந்தது. எப்படி? 'முருங்கை-கிரீன்-எஸ்-1'. 'முருங்கை-கிரீன்-எம்-2'. பன்னிரண்டாவதாக 'முருங்கை-கிரீன்-எக்ஸ்எல்-3'!

"அக்கா! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க!"

"உப்பு இல்லாதது எஸ். கொஞ்சம் விட்டது எம். நோட்டப் பாத்துத்தான் போட்டேன். ஒவ்வொண்ணுலயும் மூணு பீஸ்."

"பீஸா? அது என் டேட்டா!"

"இருக்கட்டும் கண்ணு. ஃபாரினுக்குப் போறதுக்கு கலர், சைஸ் போடாம எப்படி அனுப்பறது? பிரிச்சுப் பாக்கறவன் என்னன்னு நெனைப்பான்?"

"முன்னாடியே அந்த வெப்சைட்டுல குடுத்த என் ரிசல்ட் அட்டவணைல பழைய பேருதான இருக்கு! எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் ஒரு லிஸ்ட்டு..."

"உங்க லிஸ்ட்ட நீங்களே வெச்சுக்கங்க!"

பக்கத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த தூத்துக்குடி அண்ணாச்சி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். "ஏட்டி, அந்தப் பிள்ள சொல்லுதத ஒரு நிமிசம் கேளேன்" என்றார். அவரிடமும் சண்டைக்குப் போனேன். "கேக்காமலே தாளிக்கியே" என்று திரும்ப இஸ்திரியை எடுத்தார்.

ஆறு மணிக்கு ஆபீஸ் பூட்ட வேண்டும். மறுபடி ஏற்ற ஆறு மணி நேரம் ஆகும். அந்த வெப்சைட்டில் ஃபைல்களைச் சரிபார்க்கிற பெண்மணிக்கு மெயில் எழுதினேன்.

"தவறு என்னுடையதல்ல. உள்ளாடை ஏற்றுமதி செய்யும் ஒருவர், அறிவியல் அறிவு இல்லாமல், என் ஃபைல்களின் பெயரை மாற்றிவிட்டார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் கொடுங்கள். இனி அவரை என் ஃபைல் பக்கமே விட மாட்டேன்."

அக்கா என் தோளுக்கு மேலாகப் படித்தார்.

"உள்ளாடைனு எழுதாத கண்ணு. நாங்க டி-ஷர்ட்டும் பண்றோம்."

அனுப்பிவிட்டேன். வீடு வரை அக்காவோடு ஸ்கூட்டியில் பேசாமலே வந்தேன். நான் பேசாமல் இருந்த அந்த அரை மணி நேரத்தைப் பெரியம்மா நம்பவே இல்லை.

திங்கட்கிழமை மதியம் பதில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே தமிழில் தருகிறேன். ஒரு எழுத்தும் கூட்டவில்லை, குறைக்கத்தான் ஆசை.

"அன்புடையீர், எதையும் அழிக்கத் தேவையில்லை. பதின்மூன்றாவதாக ஏற்றப்பட்ட 'பேக்கிங் லிஸ்ட்' என்ற ஃபைலில் பழைய பெயர், புதிய பெயர், உப்பின் அளவு மூன்றும் தெளிவாக உள்ளன. அதை வைத்துப் பார்த்ததில், உங்கள் அட்டவணையில் 'வேண்டாம் 2' இரண்டு முறை வந்திருப்பதும், 'ஃபைனல் ஓகே' விடுபட்டிருப்பதும் தெரிந்தது. அட்டவணையைத் திருத்தி இன்றே அனுப்புங்கள். உங்கள் நம்பர் கீழே உள்ளது. அந்த ஏற்றுமதியாளரை ஃபைல் பக்கம் விடாமல் இருப்பது பற்றி நீங்கள் எழுதியதை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்."