அமெரிக்கப் பிள்ளைகளுக்கு நான் வரன் பார்த்த கதை

நல்ல மனசு உள்ளவர்களை மெடிக்கல் கோடிங் வேலைக்கு எடுக்கக் கூடாது. இது என் கருத்து இல்லை, என்னை அந்த வேலைக்கு எடுத்த பாண்டியண்ணன் சொன்னது. என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். (சும்மா என்றால் சும்மா இல்லை. மாப்பிள்ளை வீட்டார் எந்த நேரம் வந்தாலும் பார்க்க வசதியாக இருந்தேன்.) அப்போதுதான் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் இந்தக் கம்பெனியைத் திறந்தார்கள். அமெரிக்காவில் ஒருவர் டாக்டரிடம் போய்வந்தால், டாக்டர் எழுதிய குறிப்பு எங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். அதைப் படித்து, தலையணை கனத்துக்கு இருக்கும் ஒரு புத்தகத்தில் அந்த நோய்க்கு உரிய எண்ணைத் தேடிப் போட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும். அந்தப் புத்தகத்தில் விண்கல விபத்தில் அடிபட்டவருக்குக்கூட ஓர் எண் உண்டு. ஷேர் ஆட்டோ கம்பியில் முட்டியை இடித்துக்கொண்டவருக்கு இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

ஆனையூரில் எங்கள் தெரு முழுக்க அம்மா இதை ‘அமெரிக்க ஆஸ்பத்திரி வேலை’ என்று சொல்லி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தால், யாராவது ஒருவர் மூட்டு எக்ஸ்ரேயை என்னிடம் நீட்டுவார். நானும் அதை வெயிலுக்கு நேராகப் பிடித்து, முகத்தைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “மாடி ஏறுறதைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க” என்பேன். தவளையைத் தவிர வேறு யாருடைய எலும்பையும் அதுவரை நான் பார்த்தது கிடையாது.

புதிதாகச் சேர்ந்த எங்கள் யாருக்கும் வேலை நிரந்தரமாகவில்லை. அந்த நேரம் அமெரிக்காவில் ஒரு குழந்தைகள் கிளினிக், சோதனைக்காக ஒரு கட்டு வேலை அனுப்பியது. அதை ஒழுங்காக முடித்தால் கிளினிக்கின் மொத்த வேலையும் எங்களுக்கு, எல்லோருக்கும் வேலை நிரந்தரம். சொதப்பினால் மறுபடியும் மாப்பிள்ளைக்குக் காத்திருக்கும் உத்தியோகம்தான்.

பாண்டியண்ணன்தான் எங்கள் டீம் லீடர். வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போதே எச்சரித்தார்.

“இந்தா பாரு ஜெயசீலி. டாக்டர் என்ன எழுதியிருக்காரோ அதுக்கு நம்பரைப் போடு. அம்புட்டுதேன். நீ டாக்டர் இல்ல. உங்க அம்மாவும் டாக்டர் இல்ல.”

அம்மாவை எதற்கு இழுத்தார் என்று அன்று புரியவில்லை. மனுசனுக்கு ஞானதிருஷ்டி இருந்திருக்க வேண்டும்.

என் பங்குக்கு முதலில் வந்ததெல்லாம் காதுவலியும் காய்ச்சலும். பறந்து பறந்து முடித்தேன். அப்புறம் வந்தது பள்ளிக்கூடக் கேஸ்கள். ஒரு பையன் வகுப்பில் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், பென்சிலைத் தொலைக்கிறான், வீட்டுப்பாடத்தைப் பாதியில் விட்டுவிடுகிறான். ஒரு சிறுமி எழுத்துகளைத் திருப்பிப் போடுகிறாள், வாசிக்கச் சொன்னால் வயிற்றுவலி என்கிறாள். ஒவ்வொன்றின் கீழும் டாக்டர் நோயின் பெயரைத் தெளிவாக எழுதியிருந்தார். கவனக் குறைபாடு, வாசிப்புக் குறைபாடு என்று. சரி என்று புத்தகத்தைப் புரட்டினால், அந்த எண்கள் இருந்த பகுதியின் தலைப்பு ‘மனநோய்கள்’.

எனக்குக் கை ஓடவில்லை. எங்கள் தெருவில் ஓர் அக்கா, பரீட்சை பயத்தில் தூக்கம் வராமல் ஒரே ஒருமுறை மனநல டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவரைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம், முக்குக்கடையில் டீ குடித்து விசாரித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிப் போனார்கள். அவருடைய தங்கைக்கும் அதே கதிதான். இங்கே ஒரு பென்சில் தொலைந்ததற்கு இந்தப் பிள்ளையை நான் அந்தப் பகுதியில் கொண்டுபோய் உட்கார வைப்பதா?

அன்றைக்குச் சாயங்காலம், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். (பேர், ஊர் எதையும் சொல்லவில்லை. ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.) அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் காலங்காலமாக மூன்றாம் வகுப்பு டீச்சர்.

“ஏம்மா, ஒரு பிள்ளை ஓரிடத்துல உக்கார மாட்டேங்குது, பென்சிலைத் தொலைக்குது, எழுதச் சொன்னா பாதியில விட்டுட்டு ஓடுது. அதுக்கு என்ன?”

“அதுக்குப் பேரு மூணாம் வகுப்பு.”

“எழுத்தையெல்லாம் திருப்பித் திருப்பிப் போடுது. வாசிக்கவே வரலை.”

“எங்கிட்டப் படிக்கிற சவரி இல்லையா? அவனும் அப்படித்தேன். இதுக்கெல்லாமா டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறாங்க? அம்புட்டுக் காசா இருக்கு அந்த ஊர்ல?”

“அதை மனநோயில சேர்த்திருக்காங்கம்மா.”

அம்மாவின் கத்தி நின்றது. “பச்சப்பிள்ளையவா? அதுல பொட்டப்பிள்ளையும் இருக்கா?”

“இருக்கும்மா.”

“நாளைக்கு அதை எவன்டி கட்டுவான்?”

தீர்ப்பு வந்துவிட்டது. மறுநாள் காலையில் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் தேடி ஒரு சாதுவான எண்ணைக் கண்டுபிடித்தேன். வி அறுபத்திரண்டு புள்ளி மூன்று. ‘படிப்பு தொடர்பான சூழ்நிலைகள்’ என்று பொருள். நோயே இல்லை, சூழ்நிலைதான். எவ்வளவு கௌரவமான வார்த்தை. எல்லாக் குறிப்பிலும் முதல் வரியில் ‘பள்ளியில் பிரச்சினை’ என்று இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அத்தனை பிள்ளைகளுக்கும் அதே எண்ணைப் போட்டேன். ஒவ்வொரு முறை என்டர் தட்டும்போதும், ‘போ தாயி, நல்ல இடத்தில் வாழ்க்கைப்படு’ என்று மனதுக்குள் வாழ்த்தி அனுப்பினேன். பாண்டியண்ணன் சரிபார்க்க எடுத்ததெல்லாம் என்னுடைய காதுவலிகள். “சூப்பர்மா” என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் அமெரிக்கா எரிந்தது. சூழ்நிலைக்கெல்லாம் பணம் தர முடியாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. மொத்த பில்லும் அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்கே போயிற்று. கிளினிக்கில் பில்லிங் பார்த்த டோனா என்ற அம்மாள், உடனே எல்லோருடனும் போனில் பேச வேண்டும் என்றார்.

அங்கே காலை, இங்கே சாயங்காலம். மேஜை நடுவில் ஸ்பீக்கர் போன். சுற்றி நாங்கள் எல்லோரும் துக்கம் கேட்கத் துட்டி வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றோம். வியர்வையில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தார்கள். (டோனா பேசியது இங்கிலீஷ். நான் பேசியதும் இங்கிலீஷ்தான் என்று அன்று நம்பினேன்.)

“இத்தனை குழந்தைகளுக்கும் ஒரே எண்ணைப் போட்டது யார்?”

பக்கத்தில் நின்றவர்கள் என்னைத் தனியாக விட்டு நகர்ந்துகொண்டார்கள்.

“நான்தான் மேடம்.”

“டாக்டர் தெளிவாக எழுதியிருக்கிறாரே. நீ படிக்கவில்லையா?”

“படித்தேன் மேடம். அதனால்தான் மேடம்.”

பாண்டியண்ணன் என் காலை மிதித்தார். நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நியாயம் என் பக்கம் இருப்பதாக நினைத்தவளுக்கு வாய் நிற்குமா?

“மேடம், அந்த எண் மனநோய்ப் பகுதியில் இருக்கிறது. எல்லாம் சின்னப் பிள்ளைகள். இப்போதே அப்படி எழுதிவிட்டால் நாளைக்குக் கல்யாணம் எப்படி நடக்கும்? மாப்பிள்ளை வீட்டார் விசாரிப்பார்கள் இல்லையா?”

அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக ஒரு கண்டக்டர், “திருநெல்வேலி, திருநெல்வேலி, கோவில்பட்டி, திருநெல்வேலி” என்று தொண்டை கிழியக் கத்தினார்.

டோனா பதறிப்போய், “யாருக்கு என்ன ஆயிற்று? அங்கே எல்லோரும் பத்திரமா?” என்று கேட்டார்.

“அது திருநெல்வேலி மேடம்” என்றேன். என் வாழ்நாளில் இதைவிட உருப்படாத பதிலை நான் சொன்னதில்லை.

டோனா சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் அவர் குரல் மாறிவிட்டது.

“கேள், ஜெயசீலி. என் மகனுக்கும் அந்தப் பகுதியில்தான் எண். அது வருவதற்கு முன்னால் பள்ளியில் அவனுக்கு வேறு பெயர் இருந்தது, சோம்பேறி என்று. டாக்டர் சரியான பெயரை எழுதிய பிறகுதான், அவனோடு உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஒருவர் கிடைத்தார். நீ எண் போட்ட பிள்ளைகளில் சிலரை, பில்லைப் பார்த்த பயத்தில் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இந்த வாரம் அவர்கள் கிளினிக்குக்கு வரவில்லை.”

வேலை போகும் என்ற பயம் அதுவரைக்கும்தான் இருந்தது. வயிற்றுவலி என்று சொன்ன அந்தச் சிறுமியை வீட்டில் உட்கார வைத்தது யார் என்று நினைத்தபோது, எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். துப்பட்டாவால் மூக்கைச் சிந்திய சத்தம் அமெரிக்கா வரை கேட்டதாகப் பாண்டியண்ணன் பின்னால் சொன்னார்.

டோனா ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, டாக்டர் எழுதியது எழுதியபடி அத்தனையையும் திருத்தி அனுப்பினோம். இன்சூரன்ஸ் பணம் வந்தது, பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள். கிளினிக்கின் வேலை எங்களுக்கே கிடைத்தது. மற்ற எல்லோருக்கும் வேலை நிரந்தரமானது. எனக்கு மட்டும் வெகுநாள் இழுத்தடித்துத்தான் தந்தார்கள், அதுவரை காதுவலியைத் தவிர வேறு எதையும் கண்ணில் காட்டவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். திருநெல்வேலி வரும் இடத்தில் அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அம்மா சிரிக்கவே இல்லை. “சவரியோட அம்மாவை நாளைக்கு வரச் சொல்லணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எதையாவது பூசி மெழுகினால் அதற்கு ஒரே பெயர்தான். சித்தப்பா குடித்துவிட்டு வந்து விழுந்தால், வி அறுபத்திரண்டு பாயிண்ட் மூணு. தம்பி அரியர் வைத்தால், வி அறுபத்திரண்டு பாயிண்ட் மூணு. என் கல்யாணப் பேச்சில், பெண் கோபக்காரியா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கு மாமா இதையே சொல்லிவைத்தார். ஏதோ பெரிய படிப்பு போல என்று நினைத்து அவர்களும் சம்மதித்துவிட்டார்கள்.

பல வருடம் கழித்து, என் மகளுக்கு இரண்டாம் வகுப்பு முடிந்தும் வாசிக்க வரவில்லை. டாக்டரிடம் போனோம், அம்மாவும் வந்திருந்தார். இளவயது டாக்டர். பொறுமையாகச் சோதித்து முடித்தார். எழுதப் போனவர் என் முகத்தைப் பார்த்தார், மகளின் இரட்டைச் சடையைப் பார்த்தார், பேனாவை மூடிவிட்டார்.

“பெருசா ஒண்ணும் இல்லம்மா. கொஞ்சம் விளையாட்டுப் புத்தி. போகப்போகச் சரியாயிரும்.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்று இருந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டேன். அம்மா நாற்காலியை விட்டு அசையவில்லை.

“தம்பி, எங்களுக்கு வி அறுபத்திரண்டு பாயிண்ட் மூணு போட்டு அனுப்பாதீங்க. உள்ள பேரை எழுதுங்க. பிள்ளை வாசிக்கணும்.”

டாக்டர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

“எழுதுங்க சார்” என்றேன்.