மூன்றாவது கொட்டேஷன்

தூத்துக்குடியில் கடற்காற்றைச் சுவாசிப்பதற்குக்கூட மூன்று இடத்தில் விலை விசாரித்த மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் கொட்டேஷன் அண்ணாச்சிதான்.

எழுபதுகளில், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் நாங்கள் இருவரும் குமாஸ்தாக்கள். கயிறோ, பெயிண்டோ, கோழிமுட்டையோ, மூன்று கடைகளில் எழுத்துமூலம் விலை, அதாவது கொட்டேஷன், வாங்கி, நீளத் தாளில் கட்டம் போட்டு ஒப்பிட்டு, குறைந்த விலைக்கே வாங்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். சாயங்காலம் ஐந்து மணிக்கு நாங்கள் அந்தச் சட்டத்தை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிடுவோம். அண்ணாச்சி மட்டும் அதை வீட்டுக்கும் எடுத்துப் போவார். கால் கிலோ மக்ரூன் வாங்க மூன்று பேக்கரி ஏறி, மூன்றிலும் ருசி பார்த்து, வயிறு நிறைந்து வெறுங்கையோடு திரும்பியதை நானே பார்த்திருக்கிறேன். முத்தையாபுரத்தில் வாங்கிப்போட்ட மனையில் வீடு கட்ட ஏழு வருடமாகக் கொத்தனார்களிடம் விலை கேட்டுக்கொண்டிருந்தார். பணம் பாங்கில் இருந்தது. மனையில் முள்ளு முள்ளாக உடைமரம் வளர்ந்துகொண்டிருந்தது.

"கல்யாணத்துக்கும் மூணு கொட்டேஷன் வாங்கினியளா அண்ணாச்சி?" என்று ஒருநாள் அவர் வீட்டில் வைத்துக் கேட்டேன்.

"வாங்காம விடுவாரா தம்பி?" அடுப்படியிலிருந்து மதனி குரல் வந்தது. "மொத ரெண்டு பேரும் தப்பிச்சிட்டாளுவ. நான் மூணாவது."

அந்த வருடம் என் தங்கை மெர்சிக்கு டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தது. அதுவும் இரண்டு இடத்தில்: ஓர் அரசுக் கல்லூரி, ஒரு மிஷன் கல்லூரி. சாத்தான்குளத்தில் வாத்தியாராக இருந்த அப்பா இறந்து இரண்டு வருடம். என் சம்பளத்தில்தான் குடும்பம். பத்து நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் இரண்டு இடமும் போய்விடும். புத்தியில்லாமல் அண்ணாச்சியிடம் யோசனை கேட்டேன்.

இடம் கிடைத்த கடிதங்கள் இரண்டையும் வாங்கிப் பார்த்தார். "ரெண்டுதான் இருக்கு. மூணாவது எங்கலே?" என்றவர், அவற்றைத் தன் பைலில் வைத்துக் கட்டிவிட்டார். அன்றே வெளிமாநிலக் கல்லூரி ஒன்றுக்கு அவர் எழுதிய கடிதத்தை மறக்கவே முடியாது. 'டாக்டர் ஒன்று, ஐந்தரை வருடத்தில் செய்து தர, ஹாஸ்டல், சாப்பாடு உட்பட தங்களின் மிகக் குறைந்த விலையை மூடி முத்திரையிட்ட உறையில் அனுப்பவும். வழியில் சேதமானால் யார் பொறுப்பு என்பதையும் தெரிவிக்கவும்.'

மற்ற இரண்டு ஊருக்கும் லீவு போட்டு நேரில் போனார். ஒரு வார்டனிடம், "அஞ்சரை வருசத்துக்கும் மொத்தமாக் கட்டினா எவ்வளவு தள்ளுவிய?" என்று கேட்க, அவர் வாட்ச்மேனைக் கூப்பிட்டாராம். படித்து முடித்த மாணவன் ஒருவன் விற்க வைத்திருந்த பாட எலும்புகளை எண்ணிப் பார்த்து, "ஒரு வெரலக் காணோம், பத்து ரூவா கொறச்சுக்கோலே" என்று பேரம் பேசியிருக்கிறார். திரும்பி வந்து விரித்த தாள் ஒரு பாய் நீளம். பீஸ், மெஸ், புத்தகம், எலும்பு, வெள்ளைக் கோட்டு எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தன. கடைசியில் 'அம்மா நினைப்பு வந்து வீட்டுக்கு ஓடிவர பஸ் சார்ஜ், மாதம் ஒன்று' என்று ஒரு கட்டம்.

அரசுக் கல்லூரிதான் குறைவு. அந்தக் குறைவிலும் பாதிதான் என்னால் புரட்ட முடிந்தது, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த பிறகும். வெளிமாநிலக் கல்லூரி பதிலே போடவில்லை; அண்ணாச்சியோ மூன்றாவது வராமல் பைலைத் தரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். ஒன்பதாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நாளைக்குக் கடைசி நாளு அண்ணாச்சி! பைலத் தாங்க. ஒங்க சட்டத்தக் கொண்டு கடல்ல போடுங்க!"

ஆபீஸே டைப் அடிப்பதை நிறுத்திவிட்டது. அண்ணாச்சி அசையவில்லை. அரக்கு வைத்த உறை ஒன்றை நீட்டினார். "மூணாவது வந்துட்டுலே. பிரி."

அனுப்பியவர் இடத்தில் அவர் பெயர்தான் இருந்தது. 'மேற்படி டாக்டருக்குக் குறைகிற பணம், ஹாஸ்டல், மெஸ், எலும்பு (விரல் உட்பட) எங்கள் செலவு. விலை: இல்லை. ஷரத்து: டெலிவரிக்குப் பிறகு எனக்கு வயிற்றுவலி வந்தால் இலவசமாகப் பார்க்க வேண்டும்.' சாட்சிக் கையெழுத்து மதனியுடையது.

"அண்ணாச்சி, வீட்டுக்கு வச்ச ரூவால்லா இது..."

"அழாதலே. மத்த ரெண்டோடயும் ஒப்பிட்டுப் பாரு. இதான கொறச்சல்? சட்டப்படி இதத்தான் எடுக்கணும்."

மெர்சி டாக்டராகி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்த முதல் வாரமே, அண்ணாச்சி வெளிநோயாளி வரிசையில் சீட்டோடு வந்து நின்றார். அவள் வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லையே அண்ணாச்சி?"

"மத்த ரெண்டு டாக்டரும் அதத்தான் சொன்னாவ. அவிய காசு வாங்கிட்டாவ. நீதாம்மா கொறச்சல்."

வலியே இல்லாமல், அவள் மனதில் கடன் நிற்கக் கூடாதென்று வந்தவர் அவர். அதைச் சொல்லி மெர்சி அன்றைக்கு என்னிடம் அழுதாள். முத்தையாபுரம் மனையில் அப்போதும் உடைமரம்தான் நின்றது.

அவரோடு இருந்த பழக்கத்தில் இன்றைக்கும் எதை வாங்கினாலும் மூன்று கடை ஏறி இறங்குகிறேன். அண்ணாச்சி மாதிரி ஒரு மனிதருக்கு மட்டும் எனக்கு இன்னும் இரண்டாவது கொட்டேஷன் வரவில்லை.